நாலு கட்டத்துக் கைக்கிளை

கிராண்ட் ஸ்னைடர் தொழிலால் பல் சீரமைப்பு மருத்துவர். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரில், கோணல் பற்களுக்குக் கம்பி கட்டி நேராக்குவது அவருக்குச் சோறு போடும் வேலை. 2009 முதல் ‘இன்சிடென்டல் காமிக்ஸ்’ என்ற பெயரில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்தும் வருகிறார். எழுத்தாளர்கள், வாசகர்கள், அலமாரிகள், காலி நோட்டுப் புத்தகங்கள், வராத யோசனைகள் ஆகியவைதாம் அவருடைய உலகம். 2017இல் ‘தி ஷேப் ஆஃப் ஐடியாஸ்’, 2020இல் ‘ஐ வில் ஜட்ஜ் யூ பை யுவர் புக்‌ஷெல்ஃப்’ என்று தொகுப்புகள் வந்தன. 2024இல் வந்தது ‘பொயட்ரி காமிக்ஸ்’. சிறுவர்களுக்கான நூல் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பெரியவர்கள்தாம் அதிகம் படிப்பார்கள் என்று தோன்றுகிறது. நான்கு பருவங்களாகப் பகுத்து, பருவத்துக்குரிய சின்னச் சின்ன விஷயங்களையும், கவிதை எழுத உட்கார்ந்து தோற்றுப்போவதையும் மாறிமாறிச் சொல்லும் புத்தகம். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் ‘மென்மையான நகைச்சுவை’ என்று ஒரு சொல்லைப் போடுகிறார்கள். கவிதை என்ற கசப்பு மருந்தைப் பிள்ளைகள் விழுங்குவதற்காக அதன்மேல் பூசிய தேன் என்ற நினைப்பு அந்தச் சொல்லுக்கு அடியில் கிடக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த வகைச் சித்திரத் தொடர்களில் கவிதை இருக்கும் இடமே அந்தச் சிரிப்புதான். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று சொல்லவும் நம்மிடம் பழைய சொற்கள் இருக்கின்றன.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறது. அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பத்திரிகைக் கார்ட்டூனுக்கு நமக்குப் பழக்கப்பட்ட இலக்கணம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. அமைச்சரின் மூக்கை நீட்டுவது, தொப்பையைப் பெருக்குவது எல்லாம் எள்ளல். மிச்சமுள்ள மூன்றும் வேறு சங்கதி. அவற்றில் நாம் சிரிப்பது நமக்குக் கீழே இருப்பவனைப் பார்த்து அன்று; உலகம் இன்னும் பிடிபடாத ஒருவனைப் பார்த்து, பெரும்பாலும் நம்மையே பார்த்து. மடன் என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம் அழகானது: ஒன்றை மனத்தில் கொண்டபின் அதைக் கைவிடாத குணம். அறிவுரை சொன்னாலும், அடி விழுந்தாலும், விடாமை. அதே நூலில் கைக்கிளை என்ற ஒருதலைக் காதலும் இருக்கிறது. அது அங்கே சொல்லப்படும் சூழல் வேறு, அதை விட்டுவிடுவோம்; எனக்கு வேண்டியது அதன் வால்பகுதி மட்டும். பேசுகிறான், எதிர்ப்பேச்சு வரவில்லை, ஆனாலும் பேசிக்கொண்டே போகிறான், அந்தப் பேச்சிலேயே இன்பமும் காண்கிறான். கட்டம் போட்ட சித்திரத் தொடரில் கவிதை என்று சொல்லத்தக்கவை எல்லாம் அநேகமாக இந்தக் கைக்கிளைதான், மடன் என்ற நகையோடு சேர்ந்து வரும் கைக்கிளை. என் வாதம் இவ்வளவே. இனிச் சாட்சிகள்.

முதல் சாட்சி ஒரு பூனை. ஜார்ஜ் ஹெரிமன் 1910இல் ‘தி டிங்பேட் ஃபேமிலி’ என்ற குடும்பத் தொடர் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். அதன் அடிப்பகுதியில் மிஞ்சிய இடத்தில், மேலே நடக்கும் கதைக்குச் சம்பந்தமில்லாமல், ஒரு பூனையையும் அதன் தலையில் எதையோ விட்டெறியும் எலியையும் சும்மா போட்டுவைத்தார். கீழ்வீட்டில் குடியிருந்த அந்த இரண்டும் 1913இல் தமக்கென்று தனித்தொடர் வாங்கிக்கொண்டன. அதுதான் ‘கிரேஸி கேட்’. 1944இல் ஹெரிமன் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதில் நடந்தது ஒரே சம்பவம். பூனை கிரேஸி எலி இக்னாட்ஸை நேசிக்கிறது. எலிக்குப் பூனையைக் கண்டாலே ஆகாது. சூளைக்காரனிடம் செங்கல் வாங்கிவந்து பூனையின் பின்மண்டையில் எறிகிறது. அந்தச் செங்கல்லைப் பூனை காதல் கடிதமாகவே எடுத்துக்கொள்கிறது. பூனையைத் தானும் மனசுக்குள் விரும்பும் போலீஸ் நாய் எலியைப் பிடித்துச் சிறையில் போடுகிறது. மூன்று பேர், யாருக்கும் எதிர்மொழி இல்லை. நாய் பூனையைப் பார்க்கிறது, பூனை எலியைப் பார்க்கிறது, எலி செங்கல்லைப் பார்க்கிறது. கைக்கிளைக்கு இதைவிடச் சுத்தமான வரைபடம் கிடைக்காது. ஐந்திணைக்கு நிலம் உண்டு. கைக்கிளைக்கு நிலம் ஒதுக்கப்படவில்லை. ஹெரிமனின் களம் அரிசோனாவின் கோகோனினோ என்ற உண்மையான மாவட்டம்தான். ஆனால் அவருடைய பக்கத்தில் அது ஒரு நிலையில் நிற்பதில்லை. பாத்திரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே பேசிக்கொண்டிருக்கும். முதல் கட்டத்தில் பின்னால் இருந்த பாறை அடுத்த கட்டத்தில் தொட்டிச்செடியாகும், அதற்கடுத்து அந்த இடத்தில் முலாம்பழக் கீற்றுப்போல நிலா தொங்கும், பகல் இரவாகும், அவர்கள் மட்டும் கவனிக்க மாட்டார்கள். காதலித்துப் பேசுகிறவனுக்கு ஊர் கண்ணில் படாது என்பதை ஒரு சொல்லும் செலவழிக்காமல் கோட்டிலேயே சொல்லிவிட்டார். 1924இல் விமர்சகர் கில்பர்ட் செல்டஸ் இந்தப் பூனைக்காகத் தன் நூலில் ஓர் அத்தியாயமே எழுதினார். 1946இல் வந்த தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் கவிஞர் ஈ. ஈ. கம்மிங்ஸ். பெருவாரியான வாசகர்கள் அந்தத் தொடரைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட்டுக்குப் பிடித்திருந்ததால் ஓடியது. கவிதைக்கும் பெரும்பாலும் அதே கதிதான்.

இரண்டாவது சாட்சி எல்லாருக்கும் தெரிந்த பையன். சார்ல்ஸ் ஷுல்ஸின் ‘பீனட்ஸ்’ 1950 அக்டோபரில் ஏழு பத்திரிகைகளில் தொடங்கியது. அதன் வடிவம் ஒரு வியாபார முடிவு. ஒரே அளவில் நான்கு கட்டங்கள். பத்திரிகையில் இருக்கும் இடத்தைப் பொறுத்துப் படுக்கையாக ஒரே வரிசையில் போடலாம், நிமிர்த்தி ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடலாம், இரண்டுக்கு இரண்டாகச் சதுரமாகவும் அடுக்கலாம். இடத்தை மிச்சம் பிடிக்கும் சரக்கு என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். இதைச் சுட்டிக்காட்டி, தொழிற்சாலை அச்சில் வார்த்ததைக் கவிதை என்பதா என்று கேட்பார்கள். கேட்கட்டும். வெண்பாவின் ஈற்றடி முச்சீராய் நிற்பதும் ஓர் அச்சுதான். கட்டளை எங்கிருந்து வந்தது என்பதைவிட அதற்குள் நின்று என்ன செய்தான் என்பதுதான் கேள்வி. ஷுல்ஸ் செய்தது இது. பள்ளியில் மதிய இடைவேளை. சார்லி பிரவுன் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். மடியில் பழுப்புக் காகிதப் பை, கையில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி. எதிரே எங்கோ சிவப்புமுடிச் சிறுமி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். எழுந்து போய்ப் பேசலாமா என்று யோசிக்கிறான், ஏன் போக முடியாது என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்கிறான், ரொட்டியைப் பார்க்கிறான், மணி அடித்துவிடுகிறது. 1961இல் இந்தப் பெண் தொடருக்குள் வருகிறாள் என்று சொல்வதுகூடத் தவறு, ஏனென்றால் வாசகனின் கண்ணுக்கு அவள் வருவதே இல்லை. கட்டத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறாள். 1998இல் ஒரே ஒருமுறை நிழலுருவாக வந்துபோனாள்; முகம் கிடையாது. பத்திரிகைத் தொடரில் அவளுக்குப் பெயரும் கிடையாது. அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக்கூடாது என்று நமக்கொரு விதி உண்டே, மினசோட்டாவில் பிறந்த முடிதிருத்துபவரின் மகனுக்கு அது யாரும் சொல்லிக்கொடுக்காமல் தெரிந்திருக்கிறது. தன்னை மறுத்த சிவப்புமுடிப் பெண் ஒருத்தியின் நினைவிலிருந்துதான் அவர் அதை வரைந்தார் என்பது வெளியான செய்திதான். ஆனால் அந்தத் தகவல் இல்லாமலே பெஞ்ச் போதும். நான்கு கட்டத்திலும் பெஞ்ச் அப்படியே இருக்கிறது, பையன் அப்படியே இருக்கிறான், ரொட்டி மட்டும் குறைகிறது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கவிதை திறந்துவைப்பதைப் படம் மூடிவிடுகிறது என்பார்கள். ‘மரம்’ என்று எழுதினால் வாசகன் தன் ஊர்ப் புளியமரத்தை நினைத்துக்கொள்வான். வரைந்தால் வரைந்த மரம்தான். கவிதை நூல்களுக்குப் படம் போடுவதைப் பொறுத்தவரை இந்தக் குறை பெரும்பாலும் உண்மை. நம் சிறுபத்திரிகைகளில் நல்ல ஓவியர்களின் கோட்டோவியங்கள் கவிதைக்குப் பக்கத்தில் வெகுகாலம் நின்றிருக்கின்றன. நின்றதில் சிறந்தவை கவிதையை விளக்க முயலாதவை என்பதும் தெரியும். சித்திரத் தொடரின் கதை வேறு. அதில் மூடுவது படம் என்றால் திறப்பது படங்களுக்கு இடையில் விட்ட வெள்ளை. ஸ்காட் மெக்ளவுட் 1993இல் வெளியிட்ட ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ இதைத்தான் அந்தக் கலையின் உயிர்நிலை என்கிறது: இரண்டு கட்டங்களுக்கு நடுவில் நடப்பதை வாசகனே நடத்திக்கொள்கிறான். ரொட்டியின் முதல் கடிக்கும் இரண்டாம் கடிக்கும் நடுவில் அந்தப் பையன் மனத்துக்குள் எழுந்துபோய்த் திரும்பிவந்த தூரத்தை ஷுல்ஸ் வரையவில்லை, நாம்தான் நடக்கிறோம். இறைச்சி என்று நம் மரபு சொல்வது, சொன்ன கருப்பொருளுக்கு அப்பால் தேறும் பொருள், இந்த இடைவெளிக்கு நெருங்கிய உறவு. கனடாவைச் சேர்ந்த சித்திரக்காரர் சேத், காமிக்ஸைச் சினிமாவோடும் நாவலோடும் ஒப்பிடுவதை விட்டுக் கவிதையோடு ஒப்பிடுங்கள் என்று வாதிட்டபோது இந்தத் தாளக்கட்டைத்தான் மனத்தில் வைத்திருந்தார். பீனட்ஸின் நான்கு கட்டத்தில் அவருக்கு ஹைக்கூ கேட்டது. ஒரு படி மேலே போய்ச் சொல்லலாம். பதில் வராத பேச்சுக்கு இந்த வடிவம் இயல்பாகவே பொருந்துகிறது. பேச்சுக்குமிழ் ஒருவன் தலைக்கு மேல் இருக்கிறது. எதிரில் குமிழ் இல்லாத கட்டம் வருகிறது. பதில் இல்லை என்பதை உரைநடையில் எழுதினால் அது ஒரு வாக்கியம். இங்கே அது ஒரு காலி இடம், கண்ணால் பார்க்கலாம்.

இப்போது பல் மருத்துவரிடம் திரும்புவோம். ஸ்னைடரின் புத்தகத்தில் பூனையும் இல்லை, சிவப்புமுடியும் இல்லை. அங்கே கண்ணுக்குத் தெரியாத காதலி கவிதையேதான். பென்சிலும் நோட்டுமாக ஒரு சிறு உருவம் மழையில் போகிறது, மரமேறுகிறது, ஜன்னலோரம் உட்காருகிறது. வருவேன் என்றது வரவில்லை. வந்ததும் எதிர்பார்த்தது போல் இல்லை. தோற்ற முயற்சியைச் சொல்லி முடித்த இடத்தில் பக்கமும் முடிகிறது. அதுவே ஒரு கவிதை ஆகிவிட்டதை அந்த உருவம் மட்டும் அறியவில்லை. கைக்கிளைக்குத் தொல்காப்பியம் சொல்லும் ‘சொல்லி இன்புறல்’ என்பது இதுதானே. ‘கவிதையைப் பற்றிய கவிதை’ என்றால் பொதுவாக எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. தன் மீசையைத் தானே முறுக்கிக்கொள்ளும் வேலை. ஸ்னைடர் அந்தக் குற்றத்திலிருந்து தப்பும் இடங்கள் உண்டு என்றால் அதற்குக் காரணம் அன்றாடம். கவிஞர்களின் பகல் வேலைகளை வைத்து அவர் ஒரு பக்கம் வரைந்திருக்கிறார். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் வரலாறு சாதாரணமானதில்லை. வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் நியூ ஜெர்ஸியின் ரதர்ஃபோர்டில் வீடு வீடாகப் போய்ப் பிரசவமும் குழந்தை வைத்தியமும் பார்த்த டாக்டர். வாலஸ் ஸ்டீவன்ஸ் ஹார்ட்ஃபோர்டில் இன்சூரன்ஸ் கம்பெனியின் துணைத்தலைவர்; அலுவலகத்துக்கு நடந்துபோகும் வழியில் வரிகளைக் கட்டினார். எலியட் 1917 முதல் 1925 வரை லண்டனில் லாய்ட்ஸ் வங்கி ஊழியர். லாங்ஸ்டன் ஹியூஸ் 1925இல் வாஷிங்டன் ஹோட்டல் ஒன்றில் எச்சில் தட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது, சாப்பிட வந்த கவிஞர் வேச்சல் லிண்ட்ஸேயின் தட்டருகே தன் கவிதைகள் மூன்றை வைத்துவிட்டுப் போனார். கம்பி கட்டும் மருத்துவர் இவர்களை வரையும்போது தன் கட்சிக்காரர்களை வரைகிறார். கவிதை இவர்கள் யாருக்கும் சம்பளம் தரவில்லை. மாலையில் வீடு திரும்பியபின் கதவைத் தட்டிப் பார்க்கும் காதலியாகவே அது இருந்தது. ஆக, கவிதை பற்றிய கவிதை என்று நாம் முகம் சுளிப்பதைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால், வேலைக்குப் போகிற ஒருவனுக்கு மிஞ்சும் நேரத்தைப் பற்றிய கவிதை தெரியும்.

இதைச் சொன்னபின் அவருடைய பலவீனத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்னைடர் பட்டியல்களின் பிரியர். அவருடைய பிரபலமான பக்கங்களில் ஒன்று இலக்கியத்தில் வரும் மோதல்களைப் பற்றியது. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள். செவ்வியல் வரிசையில் மனிதன் இயற்கையோடும் சக மனிதனோடும் கடவுளோடும் மோதுகிறான். நவீன வரிசையில் சமூகத்தோடும் தன்னோடும் கடவுள் இல்லாமையோடும். பின்நவீன வரிசையில் தொழில்நுட்பத்தோடும் எதார்த்தத்தோடும், கடைசியாகத் தன்னைப் படைத்த ஆசிரியரோடும். கெட்டிக்காரத்தனம், வகுப்பறைச் சுவருக்கு லட்சணம். ஆனால் பட்டியலில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் எதுவும் நடப்பதில்லை. வெள்ளை வெறும் ஓரமாகிவிடுகிறது. கவிதை என்றால் என்ன என்று கட்டத்துக்கு ஓர் உவமை வைத்து அவர் அடுக்கும் பக்கங்களுக்கும் இதே நோய். உவமைகள் ஒவ்வொன்றும் நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கே காதலி எல்லாக் கேள்விக்கும் டாண் டாண் என்று பதில் சொல்லிவிடுகிறாள், கைக்கிளை கலைந்துபோகிறது. வரையறுக்கும்போது ஸ்னைடர் ஆசிரியர், தடுமாறும்போதுதான் கவிஞர். தொகுப்பில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன; பள்ளிக்கூடங்கள் முதலாமவரைத்தான் அதிகம் கேட்டு வாங்கும் என்பதும் ஊகிக்கக்கூடியதே.

மென்மை என்பதே தப்பித்தல் என்று ஒரு கடுமையான மறுப்பு இருக்கிறது. உலகம் எரியும்போது ஒருவன் இலை உதிர்வதை வரைந்து புன்னகைக்கலாமா? கார்ட்டூனின் பிறவிக்கடன் எள்ளல் அல்லவா? நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் காரமாகவே எழும், ஏனென்றால் தமிழில் கார்ட்டூன் வந்ததே சண்டைக்காக. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் பாரதி அதை வெள்ளை ஆட்சிக்கும் மிதவாதிகளுக்கும் எதிராகப் பயன்படுத்தினார். அந்த எள்ளலின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் மென்மையான சிரிப்பு வலி அறியாதவனிடமிருந்துதான் வரும் என்பது தவறான அனுமானம். ஹெரிமன் 1880இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தார். அவருடைய பிறப்புப் பதிவில் அவர் வெள்ளையர் அல்லாதவர் என்று எழுதியிருந்தது 1971இல்தான் ஓர் ஆய்வாளர் கண்ணில் பட்டது. நிறப்பிரிவினை சட்டமாயிருந்த நாட்டில் வாழ்நாள் முழுதும் வெள்ளையராகவே நடந்து, வெள்ளையர்களின் பத்திரிகை அறையில் வேலைபார்த்த மனிதர் அவர். தன் மண்டையில் விழும் கல்லை அன்பென்று மாற்றிப் படித்துக்கொண்டே இருக்கும் ஒரு கறுப்புப் பூனையை அவர் வரைந்தார் என்பதை இந்தத் தகவலுக்குப் பிறகு பழையபடி பார்க்க முடியாது. அதற்காக முழுத் தொடரையும் நிற அரசியலின் ரகசியக் குறியீடாகப் பிரித்துப் போடவும் நான் தயாரில்லை. பூனை பூனையாகவும் இருக்கட்டும். எள்ளலுக்கு எதிரி வேண்டும், எதிரி தோற்றால் அதற்கு வேலை முடிந்தது. மடனுக்கு அந்த வசதி இல்லை, அது நாளைக் காலையிலும் அதே பெஞ்சில் போய் உட்கார வேண்டும். தினசரிப் பத்திரிகைக்கு இந்த இரண்டாவது சிரிப்பு பொருந்திப்போனதில் ஆச்சரியமில்லை. பாரதியிடமும் இரண்டும் இருந்தன. ‘இந்தியா’ தொடங்கிப் பத்து ஆண்டு கழித்து, 1916இல், ‘சுதேசமித்திர’னில் அவர் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார், மூன்றே வரியில் சொல்லி நிறுத்திவிட்டு மிச்சத்தை வாசகனிடம் விடும் சுருக்கத்தை வியந்தார். ஜப்பானில் அந்த மூன்று வரியும் தூரிகைக் கோடும் ஒரே தாளில், ஒரே கையால் வந்தன. 18ஆம் நூற்றாண்டின் பூசோன் இரண்டிலும் பேர்போனவர். தமிழுக்குக் கார்ட்டூனையும் ஹைக்கூவையும் அறிமுகம் செய்தவர் ஒரே ஆள். ஆனால் இங்கே இரண்டும் தனித்தனி வாசல் வழியாக வந்து தனித்தனி அறைகளில் தங்கிவிட்டன.

தொகுப்பு என்ற வடிவத்தின் மேல்தான் எனக்கு மிச்சமுள்ள புகார். ஷுல்ஸ் ஐம்பது ஆண்டுகளில் வரைந்தவை 17,897 பட்டைகள். அவை ஒவ்வொன்றும் ஒரு காலைக்காக வரையப்பட்டவை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாசகன் ஒரு நாள் வேலைக்குப் போய்வந்தான், சண்டை போட்டான், தூங்கினான். கட்டங்களுக்கு இடையிலான வெள்ளையைப் போலவே நாட்களுக்கு இடையிலும் ஒரு வெள்ளை இருந்தது. கெட்டி அட்டை போட்டுத் தைத்ததும் அது போய்விடுகிறது. அரை மணியில் நாற்பது ஏமாற்றங்களைப் படித்தால் கைக்கிளை வெறும் உத்தியாகிவிடும், மென்மை திகட்டும். ஸ்னைடரின் புத்தகத்தை ஒரே உட்காரலில் முடித்துவிட்டு ‘இனிப்பு அதிகம்’ என்று சொல்கிறவர்கள் பாதி குற்றத்தைத் தங்கள் அவசரத்தின் மேலும் போட்டுக்கொள்ள வேண்டும். பருவங்களாகப் பகுத்த நூல் அது. கையில் கிடைத்தால் நாளுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். கவிதை என்றால் என்ன என்று சொல்லித்தரும் பக்கம் வந்தால் அன்றைக்கு மட்டும் இரண்டாகப் படித்துக்கொள்ளலாம்.